சத்தமில்லாத ஜெபம்: தென்னாப்பிரிக்கப் பள்ளியில் வேலை பார்க்கும் கிறிஸ்தவ ஆசிரியருக்கு ஒரு முழு வழிகாட்டி

திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கமிருந்து கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்க வந்து, டர்பனிலோ அதைச் சுற்றியோ அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் கிறிஸ்தவ ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி வந்தவள்தான். ஊரில் மிஷன் பள்ளியில் படித்து, மிஷன் பள்ளியிலேயே வேலையும் பார்த்தவர்களுக்குக் காலை அசெம்பிளி என்றாலே ஜெபம், கீர்த்தனை, வேதவாசிப்பு. இங்கே வகுப்பில் சுலு பிள்ளைகள், தமிழ் இந்துப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், சுலு மரபோடு கலந்த உள்ளூர்ச் சபையான ஷெம்பே சபைப் பிள்ளைகள், பெந்தெகொஸ்தே பிள்ளைகள் எல்லாரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரமே கேட்பது, "இங்க ஜெபிக்கலாமா, கூடாதா?" ஜெபிக்கலாம். எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் ஒரு மாணவனுக்காக ஜெபிப்பது அந்த மாணவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. தெரிந்துவிட்டால் பாரம் நம் தோளிலிருந்து அவன் தோளுக்குப் போய்விடுகிறது. மேம் நமக்காக ஜெபிக்கிறார், அதனால் நல்ல மார்க் எடுத்தே ஆக வேண்டும், மேம் நம்புவதை நாமும் நம்பினால்தான் மேமுக்குப் பிடிக்கும் என்றெல்லாம் அந்தப் பிள்ளை கணக்குப் போட ஆரம்பித்துவிடும். இன்னொன்று, ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி ஜெபித்த அன்று அந்தப் பிள்ளையின் முகத்தை ஒரு தடவையாவது நிதானமாகப் பார்க்கவில்லை என்றால் ஜெபம் பாதியில் நிற்கிறது. இந்த இரண்டையும் வைத்துத்தான் கீழே எல்லாம் சொல்கிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் "விசுவாசத்தில்" இறங்குகிறவர்கள் உண்டு. வேண்டாம். 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு எல்லாருக்கும் மத சுதந்திரம் தருகிறது. அதே ஆண்டு வந்த தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தின் 7ஆம் பிரிவு, அரசுப் பள்ளியில் மத வழிபாடு நடத்தலாம், ஆனால் பள்ளியின் கவர்னிங் பாடி (பெற்றோர், ஆசிரியர் சேர்ந்த நிர்வாகக் குழு) வகுத்த விதிப்படி, எல்லா மதத்துக்கும் நியாயமாக நடத்த வேண்டும், மாணவரோ ஆசிரியரோ கலந்துகொள்வது அவரவர் விருப்பமாக இருக்க வேண்டும் என்கிறது. 2003இல் வந்த மதமும் கல்வியும் பற்றிய தேசியக் கொள்கை, பல மதங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது பள்ளியின் வேலை, ஒரு மதத்துக்குள் பிள்ளையை வளர்ப்பது வீட்டின் வேலை, சபையின் வேலை என்று பிரித்துவிட்டது. 2017இல் ஜோஹன்னஸ்பர்க் உயர் நீதிமன்றமும் ஒரு வழக்கில், அரசுப் பள்ளி தன்னை ஒரே ஒரு மதத்தின் பள்ளியாகக் காட்டிக்கொள்ள முடியாது என்று தீர்ப்புச் சொன்னது.

இதையெல்லாம் நம் அன்றாட வேலைக்குக் கொண்டுவந்தால் இவ்வளவுதான்: மனதுக்குள் எங்கே வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் ஜெபிக்கலாம், யாரும் கேட்க முடியாது. ஆனால் கணக்கு பீரியட் தொடங்கும்போது வகுப்பை எழுப்பி நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி நீங்கள் ஜெபிக்க முடியாது. பைபிள் வசனம் சொல்லாத பிள்ளைக்கு ஒரு பார்வை, சொன்ன பிள்ளைக்கு ஒரு பார்வை என்று வைத்துக்கொள்ள முடியாது. தனியார் மிஷன் பள்ளிகளின் கதை வேறு. அங்கே பள்ளியின் மதம் சேர்க்கையின்போதே பெற்றோருக்குத் தெரியும்.

சட்டத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் மனம். 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' கப்பல் மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு வந்த அந்த முதல் கூட்டத்திலேயே கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அப்புறம் மிஷனரிகள் பள்ளி வைத்தார்கள், பெந்தெகொஸ்தே சபைகள் வளர்ந்தன, டர்பனில் இந்திய வழியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஒரே குடும்பத்தில் அண்ணன் காவடி எடுப்பவராகவும் தம்பி பாஸ்டராகவும் இருப்பதைப் பார்க்கலாம். சிலருக்கு அது சாதாரணம், சிலருக்கு ஆறாத புண். இங்கே சர்வ சாதாரணமாக, "நீங்க தமிழா, கிறிஸ்டியனா?" என்று கேட்பார்கள், இரண்டும் வேறு வேறு என்பது போல. அந்தக் கேள்விக்குள் தலைமுறைகளின் மனத்தாங்கல் இருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்த நாம் அதைக் கவனிக்காமல் ஒரு இந்துப் பிள்ளையின் தலையில் கை வைத்து ஜெபித்தால், அன்று மாலையே அந்த வீட்டுப் பாட்டிக்கு அது மதமாற்றம்தான்.

2007இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்த்த, 'பிள்ளை' (Pillay) என்ற குடும்பப் பெயரால் அறியப்படும் வழக்கையும் ஒரு தடவை படித்துப் பாருங்கள். டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஒரு தென்னிந்திய வழிக் குடும்பத்துப் பெண் மூக்குத்தி போட்டதற்குப் பள்ளி தடை சொல்ல, வழக்கு உச்சம் வரை போய் மாணவிக்குச் சாதகமாக முடிந்தது. நம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அவள் மரபு எவ்வளவு பெரியது என்பது அதில் தெரியும். பிறருடைய மரபை மதிக்கத் தெரியாதவர் அவர்களுக்காக ஜெபிப்பதில் ஏதோ இடிக்கிறது.

நேரமும் இடமும்

இங்கே பெரும்பாலான பள்ளிகள் எட்டு மணிக்கு முன்பே தொடங்கிவிடும். பதினைந்து நிமிடம் முன்னால் போய்விடுங்கள். காரில் உட்கார்ந்து ஜெபிப்பது வசதிதான், ஆனால் பள்ளிக் கேட்டுக்கு உள்ளே நிறுத்திவிட்டு ஜெபியுங்கள். ஜூன், ஜூலையில் காலை ஆறு மணிக்கு நல்ல இருட்டு. தெருவோரம் கண்ணை மூடிக்கொண்டு காரில் தனியாக இருப்பது விசுவாசம் ஆகாது, அசட்டுத்தனம்.

வகுப்பறையில் என்றால் பிள்ளைகள் வருவதற்கு முன் உங்கள் மேசையில், கண்ணைத் திறந்துகொண்டே. முழங்காலில் நிற்க வேண்டும் என்றால் வீட்டிலேயே நின்றுவிட்டு வாருங்கள். மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இயேசு அறைக்குள் போய்க் கதவைப் பூட்டச் சொன்னது, பார்க்கிறவர்களுக்காக ஜெபிக்கிறவர்களை நினைத்துத்தான். ஸ்டாஃப் ரூமில் பைபிளை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவது தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அது யாருக்காக விரிந்திருக்கிறது என்பதை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்னாள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய, சத்தம் வராமல் ஜெபித்தாள். ஏலி அவளைக் குடித்திருப்பதாக நினைத்தான். அந்த அளவுக்குச் சத்தமில்லாமல் இருந்தால் போதும்.

பெயர்ப் பட்டியல்

மாணவர்களுக்கான ஜெபத்துக்கு வருகைப்பதிவேட்டை விட நல்ல ஜெபப் புத்தகம் எனக்குத் தெரிந்து இல்லை. யாத்திராகமம் 28இல் ஆரோன் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரப் பெயர்களையும் மார்ப்பதக்கத்தில் பதித்து நெஞ்சின் மேல் சுமந்துகொண்டு போக வேண்டும் என்று வருகிறது. பெயரைத்தான் சுமந்தான், பிரச்சினைப் பட்டியலை அல்ல.

தொடக்கப்பள்ளியில் ஒரே வகுப்பு, நாற்பது பிள்ளைகள் என்றால் ஒரு நாளைக்கு ஐந்து பெயர். எட்டுப் பள்ளி நாளில் ஒரு சுற்று முடியும். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியருக்கு ஐந்து வகுப்பு, இருநூறு பிள்ளைகள் வரை வந்துவிடும். அப்போது திங்களுக்கு ஒரு வகுப்பு, செவ்வாய்க்கு ஒரு வகுப்பு என்று பிரித்து, அன்றைய பட்டியலை மெதுவாகப் படியுங்கள். ஒரு பெயருக்குப் பத்து விநாடி வைத்தாலும் நாற்பது பேருக்கு ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வாசிக்கும்போது சில பெயரில் நாக்கு தானாக நிற்கும், அங்கே கொஞ்சம் நில்லுங்கள். சில பெயர் வரும்போது முகமே ஞாபகம் வராது. அவர்கள்தான் முக்கியம். சத்தம் போடாத, சேட்டை பண்ணாத, முதல் மார்க்கும் வாங்காத, ஃபெயிலும் ஆகாத அந்த நடு வரிசைப் பிள்ளைகளை ஒரு வருடம் முழுக்கப் பார்க்காமலே பாடம் நடத்தி முடித்துவிடலாம். முகம் வராத பெயர்களை அடையாளம் வைத்துக்கொண்டு, அன்று அந்தப் பிள்ளைகளிடம் ஏதாவது ஒன்று பேசுங்கள். நோட்டைக் காட்டு என்றாவது சொல்லுங்கள்.

பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்வதும் இதில் சேர்த்திதான். சுலுவில் சி, க்யூ, எக்ஸ் எழுத்துகள் வரும் இடத்தில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் மூன்று வெவ்வேறு ஒலிகள் இருக்கின்றன. நமக்குச் சுலபத்தில் வராது. வராது என்பதற்காகப் பிள்ளைக்கு நாமே ஒரு சின்னப் பெயர் வைத்துக் கூப்பிடும் பழக்கம் இங்கே நிறைய ஆசிரியர்களிடம் இருக்கிறது, எனக்கு அது பிடிப்பதில்லை. வகுப்பில் ஒரு பிள்ளையையே கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுக்கும். காலையில் காரில் உட்கார்ந்து அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுவதே பாதி ஜெபம்.

பெயருக்குப் பக்கத்தில் எதுவும் எழுதாதீர்கள். அப்பா குடிக்கிறார், அம்மாவுக்கு எச்.ஐ.வி., அக்கா கர்ப்பம் என்று ஒரு நோட்டில் எழுதி அதை மேசை டிராயரில் வைத்துவிட்டுப் போனால் நாளைக்கு அதை யார் எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு புள்ளி, ஒரு கோடு போதும். என்னவென்று உங்களுக்குத் தெரியும், கர்த்தருக்கும் தெரியும்.

என்ன கேட்பது

இங்கே நிறையப் பேர் திணறுவார்கள். "ஆசீர்வதியும் ஆண்டவரே" என்று இருபது தடவை சொன்னால் இருபத்தோராவது தடவை வாய்தான் சொல்லும். அதற்காக நீளமாக ஜெபிக்க வேண்டும் என்பதும் இல்லை. நான் பார்த்தவரை குறிப்பான, சின்னக் கோரிக்கைதான் நாள் முழுக்க மனதில் நிற்கிறது. இப்படி:

"ஆண்டவரே, இவன் நேற்றுப் பின்னங்களில் தடுமாறினான், இன்றைக்கு அது புரியட்டும், புரியாவிட்டால் கேட்கும் தைரியம் வரட்டும்."

"இவள் மூன்று நாளாக வரவில்லை. எங்கே இருந்தாலும் பத்திரமாக இருக்கட்டும். இன்றைக்கு ஆபீஸில் விசாரிக்க எனக்கு ஞாபகப்படுத்தும்."

"இந்தப் பிள்ளைக்கு ஒரு நல்ல நண்பனைக் கொடும்."

"இவன் இன்று என்னைக் கோபப்படுத்துவான். நான் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை."

இரண்டாவதைப் பாருங்கள், அதிலேயே ஆசிரியருக்கு ஒரு வேலை இருக்கிறது. பாதிக்குப் பாதி ஜெபம் அப்படித்தான் முடிய வேண்டும். சாமுவேல் தீர்க்கதரிசி வயதாகி ஜனங்களிடம் பேசும்போது (1 சாமுவேல் 12:23) உங்களுக்காக ஜெபிக்காமல் விட்டால் அது கர்த்தருக்கு விரோதமான பாவம் என்கிறார், அதே மூச்சில் நல்ல வழியை உங்களுக்குப் போதிப்பேன் என்றும் சொல்கிறார். ஜெபம் பண்ணிவிட்டுப் பாடத்தைத் தயார் பண்ணாமல் வகுப்புக்குப் போவதை அந்த வசனத்தோடு எப்படிப் பொருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

வேறு மதத்துப் பிள்ளைக்கு என்ன கேட்பது? அதே கோரிக்கைகள்தான். பின்னங்களுக்கு மதம் கிடையாது. "இவர்கள் உம்மை அறியட்டும்" என்று ஜெபிக்க உங்கள் மனம் சொன்னால் அது உங்களுக்கும் கர்த்தருக்கும் இடையில், வகுப்பறையில் அதன் சாயல்கூட விழக் கூடாது. அதோடு அந்தப் பிள்ளையின் நாட்காட்டியையும் தெரிந்து வையுங்கள். தைப்பூசக் காவடிக்கு முன் விரதமிருக்கும் பிள்ளை, ரமலானில் நோன்பு வைத்து மத்தியான பீரியடில் வாடிப்போகும் பிள்ளை, ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வீட்டுப் பிள்ளை, பெரிய வெள்ளியன்று நாம் சிலுவை தியானத்தில் இருக்கும் அதே நாளில் டர்பனுக்குத் தெற்கே இஸிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போகும் பிள்ளை. நோன்பு மாதத்தில் பெரிய தேர்வைக் காலையில் வைப்பது உங்கள் கையில் இருக்கலாம். அதைச் செய்துவிட்டு அந்தப் பிள்ளைக்காக ஜெபியுங்கள்.

பாடத்துக்கு நடுவே

நெகேமியாவிடம் ராஜா "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கிறான். அவர் தேவனை நோக்கி ஜெபம் பண்ணிவிட்டு ராஜாவுக்குப் பதில் சொல்கிறார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? ஒரு மூச்சு. வகுப்பில் நமக்குக் கிடைப்பதும் அவ்வளவுதான்.

பின் வரிசையில் யாரோ கெட்ட வார்த்தை சொல்லி, வகுப்பே சிரித்து, உங்கள் காது சூடாகும் அந்த நேரம் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு வரி எழுதுங்கள். எழுதி முடிப்பதற்குள் "ஆண்டவரே, உதவும்" என்று ஒரு வார்த்தை. அவ்வளவு போதும், திரும்பும்போது குரல் கொஞ்சம் தணிந்திருக்கும். ஊரிலிருந்து வந்த நமக்குப் பிரம்பு பழக்கம் என்பதால் தனியாகச் சொல்கிறேன்: பள்ளிகள் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி இங்கே பிள்ளையை அடிப்பது குற்றம். சும்மா ஒரு தட்டு, காதைத் திருகுவது எல்லாம் அதில்தான் வரும். "அடிக்கிற கை அணைக்கும்" என்ற நம்ம ஊர்ப் பேச்சு இங்கே செல்லாது, செல்லாமல் போனதும் நல்லதுதான்.

பிடிக்காத பிள்ளை

எல்லா ஆசிரியருக்கும் ஒருவன் இருப்பான். நாளை அவன் வராவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றும், அவன் வராத அன்று மனசு லேசாக இருக்கும். அவன் பெயரைப் பட்டியலில் எங்கே இருந்தாலும் தினமும் சேர்த்துக்கொள்ளுங்கள், முறை வைக்க வேண்டாம். அவனை மாற்றும் என்று தொடங்காமல், அவனிடம் நல்லதாக ஒன்றை எனக்குக் காட்டும் என்று தொடங்குங்கள். ஒரு மாதம் போல இதைச் செய்தால் அவன் மாறுவானோ இல்லையோ, அவன் தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவதையோ, உடைந்த நாற்காலியை யாரும் சொல்லாமல் சரி செய்வதையோ உங்கள் கண் பார்த்துவிடும். பார்த்துவிட்டால் பழையபடி வெறுப்பது கஷ்டம்.

"மேம், எனக்காகப் ப்ரே பண்ணுங்க"

எவ்வளவு மறைத்தாலும் ஒருநாள் ஒரு பிள்ளை வந்து கேட்கும். சுலு கிறிஸ்தவப் பிள்ளைகள் வெகு இயல்பாகக் கேட்பார்கள், அவர்களுக்கு ஜெபம் கேட்பது தண்ணீர் கேட்பது மாதிரி. இந்துப் பிள்ளைகளும் கேட்பதுண்டு, பாட்டி ஆஸ்பத்திரியில் இருக்கும்போது யார் சாமி என்று யார் பார்க்கிறார்கள்.

கேட்டால் "சரி, கண்டிப்பா" என்று சொல்லுங்கள். எதற்காக என்று கேளுங்கள், முழுக்கக் காது கொடுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சத்தமாக ஜெபிக்க வேண்டியதில்லை. அறைக்குள் தனியாக என்றால் கதவு திறந்தே இருக்கட்டும், மற்றவர் கண்ணில் படும் இடத்தில் நில்லுங்கள், இது எல்லா ஆசிரியருக்கும் பொது விதி, ஜெபத்துக்கு விலக்கு இல்லை. சபைக்கு வா, இந்தத் துண்டுப் பிரசுரத்தைப் படி என்று எதையும் பின்னால் சேர்க்காதீர்கள். பிள்ளை கேட்டது ஒன்று, நீங்கள் கொடுப்பது வேறொன்று ஆகிவிடும்.

அப்புறம் இரண்டு நாள் கழித்து "பாட்டி எப்படி இருக்காங்க?" என்று கேட்க வேண்டும். இதை மறப்பவர் ஜெபித்தாரா என்றுகூடப் பிள்ளைக்குச் சந்தேகம் வரும், நியாயம்தான்.

ஜெபித்தால் மட்டும் போதாத இடம்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, வீட்டில் ஒருவர் தன்னைத் தொடுகிறார் என்றோ அடித்துக் காயப்படுத்துகிறார் என்றோ சொன்னால், அல்லது நீங்களே தழும்பைப் பார்த்தால், அது ஜெபக் குறிப்பு அல்ல. 2005ஆம் ஆண்டு சிறுவர் சட்டத்தின் 110ஆம் பிரிவுப்படி, நியாயமான காரணத்தோடு அப்படி ஒரு முடிவுக்கு வரும் ஆசிரியர் சமூக மேம்பாட்டுத் துறைக்கோ, அங்கீகரிக்கப்பட்ட குழந்தைப் பாதுகாப்பு நிறுவனத்துக்கோ, போலீஸுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். படிவம் 22 என்று ஒன்று இருக்கிறது, அதில் எழுதிக் கொடுக்க வேண்டும். பாலியல் குற்றம் என்றால் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸுக்கு உடனே சொல்ல வேண்டும். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது என்று விடக் கூடாது, பொறுப்பு உங்கள் பெயரில் இருக்கிறது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். "உன்னைப் பாதுகாக்க வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். சைல்ட்லைன் எண் 116, கட்டணமில்லை, அதை வகுப்பு நோட்டீஸ் போர்டில் ஒட்டி வைத்தால் கேட்கக் கூச்சப்படும் பிள்ளையும் பார்த்துக்கொள்ளும்.

நம் சபைகளில் சில நேரம் "குடும்ப மானம்", "மன்னித்துவிடு", "ஜெபத்தில் வைப்போம்" என்று இப்படிப்பட்ட விஷயங்களை மூடிவிடுவார்கள். குற்றம் செய்தவர் மூப்பராகவோ ஊழியராகவோ இருந்தால் இன்னும் அதிகமாக. அந்த மாதிரி மூடுவதற்கு ஜெபம் என்ற பெயரைக் கொடுக்காதீர்கள். முதலில் போன் பண்ணுங்கள், படிவத்தை எழுதுங்கள், அப்புறம் முழங்காலில் நில்லுங்கள்.

பசியும் அப்படித்தான். உடுத்தத் துணியும் அன்றாடச் சாப்பாடும் இல்லாதவனிடம் "சமாதானத்தோடே போ" என்று சொல்லி அனுப்பினால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு கேட்கிறார். 1994இல் மண்டேலா அரசு தொடங்கிய பள்ளிச் சத்துணவுத் திட்டம் இன்றும் வசதி குறைந்த பள்ளிகளில் ஓடுகிறது. ஆனால் கட்டணம் வாங்கும் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைக்குப் பல இடங்களில் அது கிடைக்காது, அங்கேதான் கண் வேண்டும். லஞ்ச் பிரேக்கில் யார் நூலகத்துக்குள் ஒதுங்குகிறார்கள் என்று பாருங்கள். மேசை டிராயரில் பிரட்டும் பீனட் பட்டரும் வைத்துக்கொண்டு, "இது மிச்சமாகிடுச்சு, யார் சாப்பிடுறீங்க?" என்று எல்லாரையும் கேட்பது போலக் கேட்கலாம். கட்டணச் சலுகைக்குப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம் என்பது நிறையக் குடும்பங்களுக்குத் தெரியவே தெரியாது, அதைச் சொல்லுங்கள்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில், டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400-க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள், பள்ளிகளும் சேதமாயின. அந்த மாதிரி வாரங்களில் வகுப்பில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும்போது என்ன ஜெபிப்பது என்று கேட்டால் என்னிடம் வாக்கியம் கிடையாது. ரோமர் 8இல் வாக்குக்கு அடங்காத பெருமூச்சு என்று வருகிறதே, அதுதான். அதன் பிறகு யூனிஃபார்ம், பை, புத்தகம் யாருக்கு இல்லை என்று ஒரு பட்டியல் எழுதலாம்.

ஜெபக் குழுவும் வாட்ஸ்அப்பும்

ஜெபக் குறிப்பு என்ற பெயரில் போகும் வம்பு மாதிரி வேகமாகப் பரவுவது வேறு எதுவும் இல்லை. "பாவம், அந்த எட்டாம் கிரேடு கோவெண்டர் பொண்ணு, அம்மா அப்பா பிரியறாங்களாம், ஜெபிச்சுக்கோங்க." சாட்ஸ்வொர்த்தில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம், சாயங்காலத்துக்குள் அது அந்தப் பொண்ணின் சித்திக்குப் போய்விடும்.

சபை ஜெபக் குழுவிலோ வாட்ஸ்அப்பிலோ மாணவர் பெயர், வகுப்பு, போட்டோ எதுவும் வேண்டாம். 2020 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், இங்கே போப்பியா என்பார்கள், சிறுவர்களின் தகவலுக்கும், உடல்நலம், மத நம்பிக்கை போன்றவற்றுக்கும் தனிப் பாதுகாப்புத் தருகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது நாகரிகம். "என் வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கஷ்டம், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்றால் போதும். யார் என்று கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுங்கள்.

பள்ளிக்குள்ளேயே இரண்டு மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து வாரம் ஒருநாள் காலையில் ஜெபிக்கலாம். தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பள்ளி நேரத்துக்கு முன், வராதவர்களைப் பற்றி எதுவும் பேசாமல். பாமாலை பாட வேண்டாம், பக்கத்து அறையில் யாராவது பேப்பர் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

தேர்வுக் காலம்

செப்டம்பரில் ட்ரயல்ஸ் என்னும் மாதிரித் தேர்வு, அக்டோபர் கடைசியிலிருந்து மெட்ரிக் என்னும் பன்னிரண்டாம் கிரேடு இறுதித் தேர்வு, ஜனவரியில் ரிசல்ட். இந்த மாதங்களில் ஜெபம் கூடிவிடும், கூடவே சில வினோதங்களும். தேர்வு அறைக்குள் முந்தின நாள் போய் ஒவ்வொரு மேசையிலும் எண்ணெய் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். அது எல்லாப் பிள்ளைகளுடைய மேசை. காலையில் வந்து கை வைக்கிற பிள்ளைக்கு விடைத்தாளில் எண்ணெய்க் கறை படும், வேறு ஒன்றும் நடக்காது. சும்மா அந்த வரிசைகளுக்கு நடுவே நடந்து வாருங்கள், பெயர்களை மனதில் சொல்லிக்கொண்டே, அது போதும்.

டிஸ்டிங்ஷன் கேட்டு ஜெபிப்பதை விட, படித்தது ஞாபகம் வரட்டும், கை நடுங்காமல் இருக்கட்டும், இரவு தூங்கட்டும் என்று கேட்பது எனக்குச் சரியாகப் படுகிறது. கூடவே பிள்ளைகளுக்கு விவரமும் சொல்ல வேண்டும். மெட்ரிக் பாஸ் ஆக வீட்டுமொழியில் 40 சதவீதம், இன்னும் இரண்டு பாடத்தில் 40, மூன்று பாடத்தில் 30 என்ற கணக்கு நிறையப் பிள்ளைகளுக்கே சரியாகத் தெரியாது. ஃபெயில் ஆனால் மே, ஜூனில் மறுபடி எழுத வழியிருக்கிறது. கணக்கிலிருந்து மேத்ஸ் லிட்டரஸிக்கு (அன்றாட வாழ்க்கைக்கான எளிய கணக்குப் பாடம்) மாற்றப்பட்ட பிள்ளை வாழ்க்கையே முடிந்தது என்று உட்கார்ந்திருக்கும், அதைக் கூப்பிட்டு எந்தப் படிப்புக்கெல்லாம் இன்னும் வழி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். ரிசல்ட் வரும் ஜனவரி நாளில் பாஸ் ஆனவர்கள் தாங்களே போன் பண்ணுவார்கள். மற்றவர்களுக்கு நீங்கள் பண்ணுங்கள்.

ஒன்றும் வராத நாட்கள்

சில வாரங்களில் பட்டியலைப் படிப்பது வெறும் படிப்பாக இருக்கும். மனசு வறண்டு, மார்க் ஷீட், மீட்டிங், சம்பளம், ஊரில் அம்மாவின் முழங்கால் வலி என்று ஓடிக்கொண்டிருக்கும். பெயர்களை மட்டும் படித்துவிட்டு ஆமென் சொல்லுங்கள். உணர்ச்சி வந்தால்தான் ஜெபம் என்று நான் நினைக்கவில்லை. வகுப்புக்கும் அப்படித்தானே போகிறோம், உற்சாகம் இல்லாத நாளிலும் மணி அடித்தால் போய் நிற்கிறோம்.

பலன் தெரிகிறதா என்று கேட்காதீர்கள். பதினைந்து வயதில் ஜெபித்த பிள்ளைக்கு முப்பது வயதில் என்ன ஆனது என்று ஆசிரியருக்குத் தெரிவது அபூர்வம். கேப் டவுனுக்கோ ஜோபர்க்குக்கோ போய்விடுவார்கள், நாமும் கான்ட்ராக்ட் முடிந்து கிளம்பிவிடலாம்.

டிசம்பரில்

வருடக் கடைசியில் பட்டியலில் இருக்கும் பெயர்களை ஒரு தடவை நன்றி சொல்லி முடியுங்கள். கிரேடு மாறிப் போகிறவர்களைத் தொடர்ந்து சுமக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இருநூறு, நானூறு என்று ஆண்டுக்கு ஆண்டு கூட்டிக்கொண்டே போனால் எதுவும் மிஞ்சாது. மனம் விடாத இரண்டு மூன்று பெயரை மட்டும் அடுத்த வருடத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் புள்ளியும் கோடும் போட்டிருந்தால்கூட அதைக் குப்பையில் அப்படியே போட வேண்டாம், ஆபீஸில் ஷ்ரெடர் இருக்கும், இல்லாவிட்டால் வீட்டில் பொடியாகக் கிழித்துவிடலாம். ஜனவரியில் புது வகுப்புப் பட்டியல் கைக்கு வந்த அன்றே, அவர்களைப் பற்றிப் பழைய ஆசிரியர் ஏதாவது சொல்வதற்கு முன், பெயர்களை ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.